போனுக்குச் சொந்தக்காரி

ஆம்பூரில் உமர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், டீக்கடைக்கும் டைலர் கடைக்கும் நடுவே, கை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை இருக்கிறது. நடத்துபவள் ஜஹீதா. கடைக்கு முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"அண்ணன் இல்லீங்களா?"

"எந்த அண்ணன்?"

"ரிப்பேர் பண்றவரு."

"நான்தான் அந்த அண்ணன். இன்னா ப்ராப்ளம், சொல்லுங்க."

வந்தவர் ஒரு கணம் தயங்குவார். அதற்குள் ஜஹீதா அவர் கையிலிருந்த போனை வாங்கித் திருப்பிப் பார்த்து, "சார்ஜிங் போர்டு போயிருக்கு, அர அவரு ஆவும், டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி முடித்திருப்பாள். அரை மணி கழித்து வந்தவர் அதன் பிறகு அண்ணனைத் தேடுவதில்லை.

முப்பத்து மூன்று வயது. பதினெட்டில் ஷூ கம்பெனிக்குப் போனவள். பதினொரு வருஷம் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தையல் விட்டுப்போனால் பார்க்கவே வேண்டாம், கட்டைவிரலை ஓட்டினால் போதும், தெரிந்துவிடும். அந்த விரல்கள்தாம் இப்போது அரிசியைவிடச் சின்ன உதிரிபாகங்களை இடுக்கியால் எடுத்து வைக்கின்றன.

போன் வேலைக்கு அவள் வந்ததே ஓர் உடைந்த போனால்தான். இருபத்தைந்து வயதில் முஜாஹிதுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கம்பெனி கேட்டில் பைக்கோடு நிற்பான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், செக்யூரிட்டி பெட்டியில் போட்டுவைத்த போனை எடுத்தால் அவனிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால் இருக்கும். "ஒன்ன மாதிரி குடுத்து வெச்சவ யாருடி" என்று லைனில் இருந்த பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பிறகு அவள் யாரோடு சாப்பிடுகிறாள் என்று கேட்டான். யாரோடு சிரித்தாள் என்று கேட்டான். நாலாம் வருஷம், சூப்பர்வைசர் நம்பர் போனில் ஏன் இருக்கிறது என்று கேட்டுப் போனைச் சுவரில் அடித்தான். அடுத்த அடி அவள் மேல் விழுந்தது. ஜஹீதா உடைந்த போனைப் பையில் போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்தாள். ஜமாத்தில் நாலு மாதம் நடையாய் நடந்து, பெண்ணே கேட்டு வாங்குகிற மணவிலக்கான குலாவை வாங்கினாள். அந்த நாலு மாதத்தில் ஒரு ராத்திரி சும்மா இருக்க முடியாமல் புருவம் திருத்துகிற இடுக்கியால் போனைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒயரும் போர்டும் திருகும். மந்திரம் ஒன்றும் இல்லை. பிரித்ததைத் திரும்பப் பொருத்த முடியும் என்று தோன்றியது. வேலூருக்குப் போய் மூன்று மாதப் பயிற்சி முடித்தாள். கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டு வந்த காசில் கடை போட்டாள்.

இத்தனை பட்டவள், கடையில் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று வருஷம் கவனிக்கவே இல்லை.

பெண்களின் போன்கள் பெண்களின் கையில் வருவதில்லை. புருஷன் கொண்டுவருவான், அண்ணன் கொண்டுவருவான், எட்டாவது படிக்கிற மகன்கூடக் கொண்டுவருவான். "வீட்ல யூஸ் பண்றது" என்பார்கள். போனைத் திறக்கிற பேட்டர்னை அவர்களே போட்டுக் காட்டுவார்கள். ஸ்லிப்பில் ஜஹீதா கொண்டுவந்தவர் பெயரை எழுதுவாள். அந்தச் சந்தில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். மூன்று வருஷத்து ஸ்லிப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தால் ஆம்பூரில் ஆண்கள் மட்டுமே போன் வைத்திருப்பதாகத் தோன்றும்.

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மீசை அரும்புகிற ஒரு பையன் உடைந்த டிஸ்ப்ளேயோடு ஒரு போனைக் கொண்டுவந்தான். பின்கவரில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.

"தங்கச்சி போனுக்கா. டிஸ்ப்ளே போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தாள். அவன் தன் போனையும் எடுத்து நீட்டினான்.

"அப்புறம் அவ வாட்ஸப்பு என் போன்லயும் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்கக்கா. நைன்த்து படிக்குது. காலம் கெட்டுக் கெடக்கு, வீட்ல பயப்படறாங்க."

ஒரு நிமிட வேலை. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒன்றின் கேமராவை மற்றதன் திரைக்குக் காட்டினாள், முடிந்தது. காசுகூட வாங்கவில்லை.

"நல்ல அண்ணன்பா நீ" என்றாள்.

ஸ்லிப்பில் பெயர் எழுதினாள்: நெல்வின்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். பை முதுகில். இரட்டைப் பின்னல். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"இன்னாம்மா?"

"அக்கா... போன்ல ஏதாவது சூனியம் வெக்க முடியுமா?"

ஜஹீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சூனியத்துக்கெல்லாம் டவர் கெடைக்காதும்மா. உள்ள வா. பேரு இன்னா?"

"ஜெனிஃபா."

ஸ்டூலில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுக்கு வேண்டிய ஒருவன் இருக்கிறான். அவள் தோழிக்கு அனுப்புகிற மெசேஜ் எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படியே வரி மாறாமல் திருப்பிச் சொல்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "நெஜமா லவ் பண்றவன் மனசுக்கு எல்லாம் தெரியும். நீ பொய் சொன்னா எனக்கு நெஞ்சு வலிக்கும்" என்கிறான். ஜெனிஃபாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சர்ச்சில் கொடுத்த ஜெப எண்ணெயை நெற்றியில் தடவிக்கொண்டாள். தோழி புஷ்ரா ஒரு தாயத்து வாங்கி வந்து கொடுத்தாள். மறுநாளே அவன் கேட்டான்: "தாயத்து கட்டினா தெரியாதுன்னு நெனச்சியா?" தாயத்தைப் பற்றியும் மெசேஜில்தான் பேசியிருந்தார்கள்.

அவள் எடுத்து நீட்டிய போனின் கவரில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கரைப் பார்த்ததும் ஜஹீதாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

போனை வாங்கினாள். வாட்ஸப்பில் மூலையிலிருந்த மூன்று புள்ளியைத் தொட்டு, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, திரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினாள். ஒரு போனின் பெயர் இருந்தது. கீழே, கடைசியாகப் பார்த்தது இன்று மூன்று ஐம்பது.

"இது யாரு போனு, தெரியுதா?"

ஜெனிஃபா பார்த்தாள். "நெல்வின் போனு இந்தக் கம்பெனிதான்."

"அவ்ளோதாம்மா. மனசும் இல்ல, மண்ணும் இல்ல. நீ டைப் பண்றது எல்லாம் அவன் போன்லயும் வருது."

எத்தனை பெரிய சக்தி அது! காதலின் ஞானக்கண் என்று மூன்று வாரம் ஒரு பதினாலு வயதுப் பெண்ணை நடுங்கவைத்தது, ஒரு கடை மேஜையில் ஒரு நிமிடத்தில் செய்த வேலை. செய்தது யார் என்பதும் ஜஹீதாவுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை.

"அதப் போட்டுக் குடுத்தவ நான்தான். அண்ணன்னு சொன்னான். நம்பிட்டேன். உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. தப்பு என்னோடது."

ஜெனிஃபா அவளையே பார்த்தாள். ஒரு பெரியவர் தன்னிடம் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை போலும். பிறகு அழுதாள். டீக்கடையிலிருந்து ஜஹீதா ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாள். பாதி பன் போன பிறகு மீதிக் கதையும் வந்தது.

நெல்வின் அதே பள்ளியில் ப்ளஸ் ஒன். நாலு மாதமாகப் பழக்கம். அவள் போன் பேட்டர்னைக் கேட்டு வாங்கிக்கொண்டான்; டிஸ்ப்ளே உடைந்தபோது ரிப்பேருக்கு என்று போனை வாங்கிப் போனதும் அவன்தான். புஷ்ராவோடு பேசக் கூடாது என்கிறான். வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு வீடியோ காலில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டச் சொல்கிறான். இடைவேளையில் வேறு பையனோடு பேசினதற்கு மணிக்கட்டை முறுக்கினான். அவள் சட்டையின் முழுக்கையை இழுத்து விட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. சர்ச் ஆண்டுவிழாவில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு செல்ஃபி அவனிடம் இருக்கிறது. பேச்சை நிறுத்தினால் அதை அப்பாவுக்கு அனுப்பிவிடுவானாம்.

"அவனுக்குப் பாசம் ஜாஸ்திக்கா. கோவம் போய்ட்டா ரொம்ப நல்லாப் பேசுவான்."

ஜஹீதாவுக்குக் கம்பெனி கேட்டில் நின்ற பைக் நினைவுக்கு வந்தது. அறிவுரை சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"அவன் போன் பேட்டர்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கேட்டியா?"

"ஒரு வாட்டி கேட்டேன். நம்பிக்கை இல்லியான்னு ரெண்டு நாள் பேசல."

சொல்லி முடித்தபோது ஜெனிஃபாவின் முகத்தில் ஏதோ நகர்ந்தது. தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்டவள்போல் இருந்தாள்.

"அப்ப என்கிட்ட மட்டும் எதுக்குக்கா கேக்கறான்?"

"அத நீதான் சொல்லணும்."

அவன் போனை வாட்ஸப்பிலிருந்து வெளியேற்றுகிற பொத்தானை அழுத்த ஜஹீதாவின் விரல் போனது. ஜெனிஃபா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாக்கா! கட்டானா அவனுக்குத் தெரிஞ்சிடும். போட்டோவ அனுப்பிடுவான். அப்பா ஸ்கூல நிறுத்திடுவாரு. எங்க தெருவுல ஒரு அக்காவ அப்படித்தான் நிறுத்தினாங்க. நான் படிக்கணும்."

அதுதான் முடிச்சு. அந்தப் பையனிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் படம்கூட அல்ல, பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணைத்தான் தண்டிப்பார்கள் என்கிற நிச்சயம். அந்த நிச்சயத்தை அவன் கையில் கொடுத்தது இந்த ஊர்.

"அவன் அனுப்பறதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா? அப்புறம் அவன் எதக் காட்டி மெரட்டுவான்?" என்றாள் ஜஹீதா. "நீ தனியாச் சொல்ல வேணாம். என் தப்பும் இருக்குதே, நான் மொதல்ல சொல்றேன்."

ஜெனிஃபா வெகுநேரம் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மாகிட்ட மொதல்ல" என்றாள்.

மிரட்டல் மெசேஜ்களை ஒன்றுவிடாமல், தேதியும் நேரமும் தெரியும்படி, ஜஹீதா தன் போனில் படம் எடுத்து வைத்தாள். அழித்துவிடலாம் என்று ஜெனிஃபா சொன்னபோது, "இது உனக்கு அசிங்கம் இல்ல, அவனுக்கு சாட்சி" என்றாள்.

இருவரும் சந்து முனையில் காத்து நிற்க, ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஜெனிஃபாவின் அம்மா பொன்மலர் கையில் டிபன் பையோடு இறங்கினாள். வேறொரு ஷூ கம்பெனியில் அவளும் தையல் லைன்தான்; கட்டைவிரல் நகத்தைப் பார்த்தே ஜஹீதா கண்டுகொண்டாள். நின்ற இடத்திலேயே, தன் தப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

பொன்மலர் பாதி கேட்டதுமே கையை ஓங்கிவிட்டாள். ஜஹீதா நடுவில் நின்றுகொண்டாள்.

"படிச்சது போதும்! நாளையிலேர்ந்து வூட்ல கெட. இதுக்கா நான் நாள் பூரா குனிஞ்சி தைக்கிறேன்?"

"ஒரு நிமிசம்மா. மணிக்கட்ட முறுக்கினது யாரு?"

"அந்தப் பொறுக்கி."

"திருட்டுத்தனமா மெசேஜு படிச்சது?"

"அவன்தான்."

"ஸ்கூல வுட்டு நிக்கறது யாரு?"

பொன்மலர் ஓங்கிய கையை இறக்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணன்னு பொய் சொல்லியிருக்கானே, பாவி" என்றாள் கடைசியில், குரல் இறங்கி.

"நானும் அதத்தான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். நெஜமாவே அண்ணனா இருந்திருந்தா மட்டும் நான் செஞ்சது சரியா? போனு இவளோடது. இவ உள்ள இல்லாத நேரத்துல வீட்டத் தொறந்து வுட்ட மாதிரிதான?"

பொன்மலர் மகளின் முழுக்கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டில் மஞ்சளாகிப்போன நாலு விரல் தடம். அதைத் தன் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். "வலிச்சுதா?" என்று கேட்டாள். அன்றைக்குக் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான். கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது.

வீட்டுக்கு மூன்று பேரும் சேர்ந்தே நடந்தார்கள். ஜெனிஃபாவின் அப்பா ஜேக்கப் தோல் பதனிடுகிற டேனரியில் மெஷின் ஆபரேட்டர். அப்போதுதான் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதும் எழுந்து சட்டையைத் தேடினார். "எவன் அவன்? கைய ஒடச்சிட்டு வர்றேன்." அடுத்த மூச்சில் மகளைப் பார்த்து, "உனக்கு இனிமே ஸ்கூலு கெடையாது."

ஜஹீதா பேச வாயெடுத்தாள். அதற்குள் பொன்மலர் முந்திக்கொண்டாள்.

"கைய முறுக்கினவன் ஸ்கூலுக்குப் போவான், முறுக்குப்பட்டவ வூட்ல கெடப்பாளா? இன்னா நாயம்யா இது? ஒக்காரு."

ஜேக்கப் உட்கார்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்: "நானும்தான் உன் போனப் பாக்கறேன். அதுவும் தப்புன்றியா?"

"அத அப்புறம் பேசுவோம். மொதல்ல புள்ளயப் பாரு."

மேஜையில் போனை வைத்தார்கள். ஜஹீதா பொத்தானைக் காட்டினாள். "நானே அழுத்தறேன்" என்றாள் ஜெனிஃபா. அழுத்தினாள். பட்டியல் காலியானது.

பத்து நிமிடத்தில் தொடங்கியது. பதினோரு கால். பிறகு வசவு. பிறகு ஸாரி, பதினேழு தடவை. பிறகு ஜேக்கப்பின் போனுக்கு அந்தப் படம் வந்தது. இரண்டு பேர் சர்ச் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். "இதுக்கா இவ்ளோ பயந்த?" என்றார் ஜேக்கப். ஜெனிஃபா தலையாட்டினாள். கடைசியாக அவளுக்கு ஒரு மெசேஜ்: நீ வரலேன்னா செத்துடுவேன்.

ஜெனிஃபா எழுந்து நின்றாள். "போயிப் பாத்துட்டு வந்துடட்டுமாக்கா?"

"நீ போவக் கூடாது. ஆனா சும்மாவும் வுடக் கூடாது. அவங்க வீட்டுக்கு இப்பவே சொல்லணும். அவனப் பாத்துக்கறது அவங்க வேல, உன் வேல இல்ல."

சர்ச் ஆட்களிடம் நம்பர் வாங்கிப் பொன்மலர் நெல்வினின் அம்மாவைக் கூப்பிட்டாள். பையன் மொட்டை மாடியில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அன்றிரவு அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளியில், தலைமையாசிரியர் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை பெரிதாகாது. மறுபடியும் பெண்ணைத்தான்! வழியை மறித்துக் கல் கிடந்தால் கல்லை விட்டுவிட்டு நடக்கிறவரை வேறு ஊருக்கு அனுப்புகிற புத்தி. பொன்மலர் ஜஹீதாவின் போனிலிருந்த படங்களை மேஜையில் வைத்துச் சொன்னாள்: "சார், இவ இங்கதான் படிப்பா. நான் பத்துத் தொண்ணூத்தெட்டுக்கு போன் பண்ணட்டுமா, நீங்க பண்றீங்களா?" குழந்தைகளுக்கான அந்த உதவி எண்ணை ஞாயிற்றுக்கிழமையே ஜஹீதா அவளுக்குச் சொல்லியிருந்தாள். தலைமையாசிரியரே கூப்பிட்டார்.

உதவி மையத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். ஜெனிஃபாவிடம் தனியாகவும் நெல்வினிடம் தனியாகவும் பேசினார். அவன் அவள் பக்கம் வரக்கூடாது, மெசேஜ் அனுப்பக்கூடாது, வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். நெல்வினின் அப்பாவும் வந்திருந்தார். "வயசுப் பையன் சார், பாசத்துல பண்ணிட்டான்" என்றார். சாட்சி சொல்ல வந்து ஓரமாக நின்ற ஜஹீதாவுக்கு அந்த முகம் தெரிந்தது. கடைக்குப் போய் ஸ்லிப் புத்தகத்தைப் புரட்டினாள். மே மாதம், அவர் தன் மனைவியின் போனைக் கொண்டுவந்திருக்கிறார். பழுது என்ற இடத்தில் ஜஹீதாவின் கையெழுத்திலேயே இருந்தது: கால் ரெக்கார்டிங் ஆன் செய்ய வேண்டும். அதையும் அவள்தான் செய்து கொடுத்திருக்கிறாள். பையன் பிறவியிலேயே கெட்டவன் ஒன்றும் அல்ல. வீட்டில் பார்த்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தவன்.

அன்று சாயங்காலம் ஜஹீதா ஒரு அட்டையில் தமிழிலும் உருதுவிலும் எழுதிக் கடை முகப்பில் மாட்டினாள்: போன் யாருடையதோ அவரே வர வேண்டும். ஸ்லிப்பில் அவர் பெயர்தான் எழுதப்படும்.

முதல் மாதம் பேஜார்தான். "என் பொண்டாட்டி போனுக்கு நான் வரக் கூடாதா?" என்று சண்டை. "வாங்க, கூட வாங்க. ஒக்காருங்க. அவங்களும் வரணும்" என்பாள். சிலர் எதிர்க் கடைக்குப் போனார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். கம்பெனி பஸ் இறங்குகிற நேரத்தில் கடை வாசலில் இப்போது எப்போதும் நாலைந்து டிபன் பைகள் இருக்கும். "என் போனு, என் பேரு போடு" என்று சத்தமாகச் சொல்லி எழுதவைப்பதில் அவர்களுக்கு ஒரு குஷி. ஒருத்தி தன் பெயரைப் பார்த்துவிட்டு, "எலக்சன் லிஸ்ட்டுக்கு அப்புறம் இப்பதாண்டி என் பேர எழுதினதப் பாக்கறேன்" என்றாள். சந்தே சிரித்தது.

போன வாரம் சனிக்கிழமை ஜெனிஃபா வந்தாள். இப்போது பத்தாவது. கூடவே புஷ்ரா, ஒரே குடையில் இரண்டு பேரும். டெம்பர்டு கிளாஸ் மாற்ற வேண்டுமாம். பின்னால் பொன்மலர். அவளும் தன் போனை மேஜையில் வைத்தாள்.

"இன்னா ப்ராப்ளம்?"

"ஒண்ணும் இல்ல. பேட்டர்ன் மாத்தணும். எப்படின்னு காட்டு."

ஜஹீதா அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு வீதியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பொன்மலரின் விரல் திரையில் ஊர்கிற சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த ஜேக்கப் கழுத்தை நீட்டினார்.

"இன்னா பேட்டர்ன் போட்ட?"

"எனக்குத் தெரிஞ்ச பேட்டர்னு. வண்டிய எடு, மழ வருது."

ஜேக்கப் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஜெனிஃபா ஸ்லிப் புத்தகத்தை இழுத்து, தன் பெயரைத் தானே எழுதிவிட்டு, புஷ்ராவின் குடைக்குள் ஓடினாள்.